பால்காய்ப்பு விளக்கு போன வழி

நாகர்கோவில் கோர்ட்டில் என் காலத்தில் நடந்த கட்டட வழக்குகளில் முக்கால்வாசியை ஜெயித்துக் கொடுத்தவன் நான்தான்.

இது பச்சைப் பொய். எழுதிய பிறகு பார்க்க நன்றாக இருந்தது, அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. மாதேவன் வக்கீலுக்கு வழக்குக் கட்டு சுமந்தவன். கட்டு, குடை, தண்ணீர்க் கூஜா, அளவு நாடா எல்லாம் என் பொறுப்பு. கோர்ட்டுக்குள் என் குரல் கேட்டது ஒரே தடவை, அதுவும் இருமல். ஜட்ஜி நிமிர்ந்து பார்த்தார். டவாலி என்னை வராந்தாவில் கொண்டுபோய் விட்டுவிட்டான்.

பக்கத்து வீட்டு ரெஜினா இப்போது வக்கீல். அவளும் கூட்டாளிகளும் ஏதோ மலர் போடுகிறார்களாம். "பாட்டா, இஞ்சினியர் ரிப்போர்ட்டு இல்லாம, போட்டோ இல்லாம அந்தக் காலத்துல கட்டட கேசு எப்படி நடத்துனாங்கன்னு எழுதித் தாங்க" என்றாள்.

"மக்கா, நான் மூணாங்கிளாசு" என்றேன்.

"அப்ப பொய்யும் கொறைவா இருக்கும்" என்றாள். நல்ல வக்கீலாக வருவாள்.

எழுத உட்கார்ந்திருக்கும் இடமும் பொருத்தமானதுதான். என் மகன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டுகிறான். அவன் வேலைக்குப் போய்விட்டான். கொத்தனார் நேசய்யன் காலையிலிருந்து, "பாட்டா, சன்னலு இங்கன போருமா, கொஞ்சம் தள்ளணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் காது கேட்காதவன் மாதிரி இருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

நான் வக்கீலிடம் வந்து சேர்ந்ததே ஒரு சுவரால்தான். பிள்ளைப் பிராயத்தில் என்னைக் கொத்து வேலைக்கு விட்டார்கள். நான் தனியாகக் கட்டிய ஒரே சுவர் ஒரு மாட்டுத் தொழுவத்துச் சுவர். மறுநாள் மாடு முதுகு சொறிய அதில் உரசியது. மாடு நின்றது, சுவர் போய்விட்டது. மாட்டுக்காரர் என் அப்பாவை இழுத்துக்கொண்டு மாதேவன் வக்கீலிடம் போனார். வக்கீல் சிரித்து முடித்துவிட்டு, "கேசெல்லாம் வேண்டாம் ஓய். சுவரு எப்பிடி விழும்னு தெரிஞ்ச ஒருத்தன் எனக்கு வேணும். பயல இங்க விட்டுட்டுப் போவும்" என்றார். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அத்தோடு முடிந்தது.

மகாராஜா ஆட்சி போய், திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு ராஜ்யம் இருந்து, பிறகு நாங்கள் மதராசோடு சேர்ந்தோமே, அந்த இடைப்பட்ட வருஷங்கள் அவை. ஜட்ஜி வடக்கே இருந்து வருவார். தமிழ் புரியும், ஆனால் மலையாளத்தில்தான் சிரிப்பார்.

எங்கள் வக்கீல் ஐயா ஒல்லி. அல்பாக்கா கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டும். மூக்குப்பொடி உண்டு, உரத்த பேச்சு கிடையாது. கட்டட வழக்கோடு யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தச்சு கழிச்சாச்சா?"

ரெஜினாவுக்காகச் சொல்கிறேன். வீடு கட்டி முடிந்ததும் பால்காய்ப்புக்கு முன்னால், கட்டினவர்கள் வீட்டை விட்டுக் கழிகிற சடங்குதான் தச்சுக்கழிப்பு. ஆசாரி பூசணிக்காய் வெட்டி, கோழி அறுப்பார். கொத்தனார் கரண்டியைக் கழுவி, வேட்டி வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் கரண்டி படக்கூடாது. பட வேண்டுமானால் வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டு வைத்து மறுபடி அழைக்க வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி கழிக்க வேண்டும். வேலை முடிந்ததற்கு இப்போது ஏதோ சர்டிபிகேட் கேட்கிறீர்களாமே. எங்களுக்கு அது ஒரு பூசணிக்காயும் ஒரு வேட்டியும். அதுதான் எல்லைக்கோடு; அதற்கு முன்னால் நடந்தது கொத்தனார் தலையில், பின்னால் நடந்தது வீட்டுக்காரர் தலையில். ஐயா முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுவார்.

இரண்டாவது, எதையும் நேரில் பார்க்காமல் பேசமாட்டார். பார்ப்பதிலும் ஒரு விசேஷம் இருந்தது. மேல்துண்டைத் தரையில் விரித்து மல்லாக்கப் படுத்துவிடுவார். "நின்னு பாத்தா பூச்சுதான் தெரியும்லே, படுத்துப் பாத்தாத்தான் கட்டு தெரியும்" என்பார். மண்டைக்காட்டு அம்மன் கொடைவிழாவுக்குப் போட்ட கொட்டகை சரிந்த வழக்கில் இப்படித்தான் படுத்துக் கிடந்தார். அடிபட்டுக் கிடக்கிறார் என்று நினைத்து ஓர் அம்மாள் ஓடிவந்து அவர் வாயில் மோரை ஊற்றினாள். ஐயா குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மூன்றாவது, எதிராளியின் கட்டடத்தை ஒருநாளும் குறை சொல்லமாட்டார். புகழ்வார். எனக்கு அது ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. பிடிபட்டது பூதப்பாண்டிப் பக்கத்து வழக்கில்தான்.

அந்த வீடு இன்றைக்கும் நிற்கிறது. பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் நடுக்கூடத்திலிருந்து, நெல் போட்டு வைக்கிற நெற்புரைக்குப் போக ஒரு வாசல் உண்டு. அந்த வாசலுக்கு மேலே மட்டும் ஒரு கருங்கல் தாங்குகல், வீட்டோடு பொருந்தாமல் பல் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும். அது அங்கே வந்த கதை இது.

வீட்டுக்காரர் அணஞ்சபெருமாள் பண்ணையார். கட்டியவர் ஞானமுத்து மேஸ்திரி. பால்காய்ப்பு முடிந்து பந்தி நடந்தபோது, ஊர் முழுக்க வீட்டைப் புகழ்ந்தது. பண்ணையார், "எல்லாம் நம்ம யோசனை. கொத்தனுக்கு என்ன தெரியும்? சொன்னதச் செய்வான்" என்றாராம். மாசியில் கும்பப்பூ அறுவடை முடிந்து அடுத்த மழைக்காலம் வந்தது. பட்டாசலுக்கும் நெற்புரைக்கும் நடுவில் உள்ள சுவரில், அந்த வாசலுக்கு மேலே தொடங்கி மச்சு உத்திரம் வரைக்கும் ஓணான் ஏறுகிற மாதிரி ஒரு விரிசல் ஏறியது. உடனே வீடு முழுக்க ஞானமுத்துவின் யோசனை ஆகிவிட்டது. மச்சையும் சுவரையும் பிரித்து, தன் கைச்செலவில் மேஸ்திரியே திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று பண்ணையார் வழக்குப் போட்டார்.

ஞானமுத்துவுக்குக் கைச்செலவுகூடப் பெரிதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஹால் கட்டும் வேலையை அவருக்குத் தருவதாக இருந்தார்கள். "கேசு முடியட்டும் மேஸ்திரி" என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். மற்றவர்களும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். 'விரிசல் மேஸ்திரி' என்று ஒரு பட்டம் வேறு. தோற்றால் அந்தப் பட்டம்தான் நிலைக்கும், அப்புறம் கோழிக்கூடு கட்டக்கூட யாரும் அழைக்கமாட்டார்கள். மனிதர் கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் துணிப்பையில் கரண்டியும் தூக்குக்குண்டும் கொண்டு வருவார்.

"கோர்ட்டுல என்னத்தப் பூசப் போறேரு?" என்று கேட்டேன்.

"கையில பாரம் இல்லாம நடக்க வரல்ல செல்லப்பா" என்றார். அதற்கப்புறம் அவரிடம் நான் கேலி பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, என் கணக்கில் அது பெரிது.

ஐயா அவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கழிச்சாச்சு ஐயா. ஆசாரி கோழிய அறுத்தாரு, நான் கண்ண மூடி ஒரு செபம் சொன்னேன். கரண்டியக் கழுவினேன், வேட்டிய வாங்கினேன், திரும்பிப் பாக்கல்ல."

"அப்போ அந்த நெற்புரை வாசல் இருந்துதா?"

"பட்டாசல்ல இருந்தா? ஐயா, அது மச்சச் சுமக்கிற சுவரு. அதுல ஆணி அடிக்கக்கூட நான் சம்மதிக்கமாட்டேன். நெற்புரைக்கு வழி பின்தளம் வழியாத்தான் வச்சேன். நெல்லு வாறதும் போறதும் ஊஞ்சல்ல இருந்தே தெரியணும்னு அவருதான் பொறவு யாரையோ வச்சு உடைச்சிருக்காரு. தாங்குகல்லு வைக்காம உடைச்சா விரியாம என்ன செய்யும்?"

"யாரு பாத்தா?"

"ஊரே பாத்துது ஐயா. ஊரே அவரு வயல்லதான் வேலை செய்யுகு."

ஆக, வழக்கு முழுதும் ஒரே ஒரு கேள்வி. அந்த வாசல் பால்காய்ப்புக்கு முன்னாலா, பின்னாலா? எழுத்து கிடையாது, வாய் திறக்கச் சாட்சியும் கிடையாது.

இடத்தைப் பார்த்து வரைபடம் போட்டுக் கொடுக்கக் கோர்ட்டு ஓர் இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. இரண்டு தரப்பும் போனோம். நாடாவின் ஒரு முனை கமிஷனர் கையில், மறுமுனை என் கையில். 'இழுத்துப் பிடி' என்றார், இழுத்தேன். அவர் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார். அதற்குப் பிறகு மறுமுனையை எதிர்க்கட்சிக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஐயா நெற்புரையில் துண்டை விரித்துப் படுத்தார். பண்ணையார் வயிறு குலுங்கச் சிரித்தார். "வக்கீலய்யாவுக்குத் தலையணை கொண்டாங்கலே!" ஐயாவும் சிரித்துக்கொண்டே எழுந்து, கை கழுவ, வீட்டுக்குப் பின்னால் கூரையில்லாமல் திறந்து கிடக்கும் பின்தளத்துக்குப் போனார். நான் கூஜாவோடு பின்னால் போனேன். அங்கே பண்ணையாரின் தங்கை நீலம்மை சுக்குத்தண்ணி வைத்துக்கொண்டு நின்றாள். புருஷன் சிலோனுக்குப் போனவன், கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. அண்ணன் வீட்டுச் சோறு.

"இங்கன நல்லா காத்து வருகு தாயி" என்றார் ஐயா.

"காத்துக்கு என்ன கொறச்சலு? பால்காய்ப்பு அன்னைக்கு நான் வெளக்க எடுத்துட்டு இதுவழியா நெற்புரைக்குப் போறதுக்குள்ள உசுரு போயிட்டு. சாரலு வேற. அண்ணன் ஓலக்குடையப் புடிச்சுட்டுக் கூடவே வந்தான். நனஞ்ச சேல சாயம் போயிட்டு" என்றாள் அவள்.

ஐயா ஒரு சிட்டிகைப் பொடி போட்டார். தும்மினார். சுக்குத்தண்ணியைக் குடித்து, நன்றாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வில்வண்டியில் ஏறியதும் கத்திவிட்டேன். "ஐயா! வாசல் இருந்திருந்தா சாரல்ல என்னத்துக்கு வெளிய சுத்துகா? அந்தம்மாவ சாச்சி போடுவோம், செயிச்சிருவோம்!"

"செயிச்சப் பொறவு அவ எந்த வீட்டுக்குப் போவாலே?"

நான் கூஜாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவ சொன்னத நீ கேக்கல்ல. நானும் கேக்கல்ல. நாம கேட்டது, காத்து எப்பிடி வருகுன்னு மட்டும்." அலுவலக வாசலில் ஞானமுத்து பையோடு நின்றார். "என்ன ஐயா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். ஐயா, "நல்லாக் கட்டியிருக்கேரு ஓய்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். நான் குடையை மடக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன். விரிந்திருந்தால்தானே மடக்க?

விசாரணை நாள் வந்தது. சாட்சிக் கூண்டில் பண்ணையார் சரிகை நேரியலோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். ஐயா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"பண்ணையாரே, பால்காய்ப்புக்குப் பொறவு அந்த வீட்டுல எதையாவது இடிச்சு மாத்தினதுண்டா?"

"இல்ல. ஒரு செங்கல்லு மாறல்ல."

"வாசலு, சன்னலு எல்லாம் அன்னைக்கு இருந்தபடிதான்?"

"அன்னைக்கு இருந்தபடிதான்."

ஜட்ஜியின் பேனா நிற்கும் வரைக்கும் ஐயா காத்திருந்தார். பிறகு குரலே மாறிவிட்டது, உறவுக்காரர் மாதிரி.

"நல்ல வீடு. நான் படுத்தே பாத்திருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள். "பால்காய்ப்பும் நல்ல பெரிசா நடந்துதாமே. எனக்குத்தான் அழைப்பு இல்ல."

"நீரு எதிர்க்கட்சியா வருவேருன்னு தெரியாமப் போச்சே, தெரிஞ்சிருந்தா மொதப் பந்தியிலயே இருத்தியிருப்பேன்!" பண்ணையாருக்கு முகமெல்லாம் பல்.

"வெளக்கு எல்லா அறைக்கும் போகணும்பாவ. அதெல்லாம் மொறப்படி நடந்துதா?"

"என்ன கேள்வி இது? எங்க குடும்பத்துல ஒரு மொற கொறையாது. தங்கச்சி வெளக்கெடுத்தா. பட்டாசல்ல ஏத்தி, மச்சுக்கு ஏறி எறங்கி, அடுக்களைக்குப் போயி, அங்கன இருந்து பின்தளத்துக்கு எறங்கி, பின்தளம் முழுக்க நடந்து நெற்புரைக்கு. ஆவணிச் சாரலு, மொகத்துல அறையுகு! நான் ஓலக்குடையப் புடிச்சுட்டு ஒரு பக்கமாவே நடந்தேன். சுடரு ஆடல்ல வக்கீலய்யா. ஆடல்ல!"

"பெரிய காரியம்" என்றார் ஐயா. உட்கார்ந்துவிட்டார்.

கையில் வந்ததைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாரே! ஏன் சுற்றிப் போனாள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கட்டைத் தட்டிச் சைகை காட்டினேன். அவர் பொடிமட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் ஞானமுத்து பையை மடியில் வைத்து அதன் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

குறுக்கு விசாரணையில் ஏற்பட்ட கோணலை நிமிர்த்த, சொந்தக் கட்சி வக்கீல் மறுபடி கேட்கலாம். பண்ணையாரின் வக்கீல் சூட்டிகையானவர், திருவனந்தபுரத்தில் படித்தவர். அவருக்கு எங்கேயோ புகைகிறது என்று தெரிந்துவிட்டது. எழுந்தார். பதிலையும் கேள்வியோடு சேர்த்தே நீட்டினார்.

"விளக்கை அப்படிப் பின்தளம் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது உங்கள் குடும்ப வழக்கம், அப்படித்தானே?"

அப்படிக் கேட்கக்கூடாது என்று ஐயா தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பொடி போட்டார்.

பண்ணையாருக்கோ கோபம் வந்துவிட்டது. அவருடைய வீட்டு முறை தெரியாதவன் பேசுகிறானே! "வழக்கமா? சாரல்ல வெளக்கக் கொண்டு போறது என்ன வழக்கம் ஓய்? எந்தக் குடும்பத்துல உண்டு? பின்ன என்ன, பட்டாசல்ல இருந்து சுவத்த உடைச்சிட்டா போவா?"

ஜட்ஜி கமிஷனரின் வரைபடத்தை எடுத்தார். பட்டாசலில் விரலை வைத்தார். விரல், வரைபடத்தில் இருந்த வாசல் வழியாக நேராக நெற்புரைக்குள் போயிற்று. பண்ணையாரைப் பார்த்தார். மலையாளத்தில் சிரித்தார்.

வழக்கு தள்ளுபடி ஆனது. வராந்தாவில் நான் கேட்டேன், "ஐயா, நீங்களே கேட்டிருந்தா என்னவாம்?"

"நான் கேட்டா எதிராளி கேக்குகான்னு முழிச்சுக்கிடுவாரு. தன் வக்கீலு கேட்டாத்தான் மனுசன் உள்ளதச் சொல்லுவான்." பிறகு இதையும் சொன்னார். ரெஜினா, உனக்கு இது உதவும். "வெரிசலப் பத்தி அவரு நூறு பேருகிட்டப் பேசிப் பழகியிருப்பாரு. அதுல ஓட்டை இருக்காது. வெரிசலுக்கு முந்தி, வீடு நல்லா இருந்த நாளப் பத்திப் பேச விடணும். அன்னைக்கு வீட்டக் கட்டினது அவருல்லா?"

நீலம்மையின் பேர் கோர்ட்டில் வரவே இல்லை. தங்கை என்று ஒரு சொல் வந்தது, அதுவும் அண்ணன் வாயாலேயே வந்தது.

ஞானமுத்துவுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டத் தொடங்கிய வாரம் அவர் ஐயாவிடம் வந்தார். துணிப்பையில் கனம் இருந்தது, நடை நன்றாக இருந்தது. ஆனால் முகம் சரியில்லை.

"ஐயா, கேசு முடிஞ்சுது. வெரிசல் முடியல்ல. அடுத்த மழைக்கு மச்சு எறங்கும். அந்தம்மா நெற்புரை ஓரத்துலதான் படுக்கா. ஒரு தாங்குகல்லு குடுத்தா நிக்கும். தச்சு கழிச்ச வீடு, அவரு தட்டு வச்சு அழைக்காம நான் தொடப்பிடாது. அவரு அழைப்பாரா?"

ஐயா என்னைப் பார்த்தார். "லேய், நீ போ. நான் போனா வக்கீலு. நீ போனா வெறும் செல்லப்பன்."

போனேன். பண்ணையார் ஊஞ்சலில் இருந்தார், தலைக்கு மேல் விரிசல். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊஞ்சலை நிறுத்தவில்லை.

"என்னைச் செயிச்சவன் வந்து என் சுவத்தத் தொடணுமா? நான் தட்டு வைக்கணுமா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்ன சொல்லும், மச்சு விழுந்தா இன்னும் கூட்டமா வந்து சொல்லும்" என்றேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும். அவர் எழுந்த வேகத்தில் நான் இரண்டு படி இறங்கிவிட்டேன். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்போது உள்ளிருந்து நீலம்மை வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கையில் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, மடித்த ஒரு வேட்டி. ஊஞ்சல் பலகையில் அண்ணன் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வந்தபடியே போய்விட்டாள். பண்ணையார் தட்டைப் பார்த்தார். அண்ணாந்து விரிசலைப் பார்த்தார். தட்டைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்து—

"பாட்டா! ஓ பாட்டா! காது கேக்குகா இல்லியா? சன்னலத் தள்ளட்டா, வேண்டாமா? சாந்து காயுகு! நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போரும்!"

நேசய்யன் கரண்டியோடு இங்கேயே வந்து நிற்கிறார். எழுதுகிறவனைச் செவிடன் என்று அவர் நம்பவில்லை. போகிறேன். சன்னலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன், சொன்னால் விரிசல் விழுகிற அன்றைக்கு அது என் யோசனை ஆகிவிடும். சுவர் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மட்டும்—